கச்சேரி பிறந்த வரலாறும் நமது காப்பி வேளையும்

கச்சேரி என்னும் சொல்லை நாள்தோறும் வழங்குகிறோம். ஆயினும் அது தமிழ்ச் சொல்லன்று. வழக்கு விசாரிக்கும் இடத்திற்கும், வரி வாங்கும் இடத்திற்கும், குமாஸ்தாக்கள் அமர்ந்து கணக்கெழுதும் இடத்திற்கும் இந்துஸ்தானியில் வழங்கிய பெயர் அது. தாலுகா ஆபீசைத் ‘தாலுகா கச்சேரி’ என்றே சொல்லும் முதியோரை நாம் இளமையில் கண்டிருக்கிறோம். பக்கவாத்தியக்காரர் பலர் சூழ அமர்ந்து நடத்தும் பாட்டுக்கு ‘புல் பெஞ்சுக் கச்சேரி’ என்று முன்னோர் பெயரிட்டனர். அதுவும் உயர்நீதிமன்றத்திலிருந்து வந்த சொல்லே. இறுதியிற் பாடும் சிறு உருப்படிகளுக்குத் ‘துக்கடா’ என்று பெயர். மராத்தியில் அதற்குத் துண்டு என்பது பொருள். பகலெல்லாம் ஒரு கச்சேரியில் கோப்புகளைப் புரட்டிவிட்டு மாலையில் மற்றொரு கச்சேரிக்கு ஓடும் ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இச்சொற்பொருத்தம் எப்போதும் ஒரு வேடிக்கை.

இனி, வேடிக்கையல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்ந்தது அது. அன்பர்கள் பலர் அன்று அரங்கில் இருந்தவர்களே. தமிழ்நாட்டிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்த வித்துவான் கல்யாணி ராகத்தை விரித்துப் பாடி, நிரவலும் ஸ்வரமும் முடித்து, மிருதங்க வித்துவானைப் பார்த்துத் தலையசைத்தார். தனி ஆவர்த்தனம் தொடங்கியது. அக்கணமே பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அடுத்து மூன்று. பிறகு எத்தனை என்று எண்ணக் கூடவில்லை. அறுபது வயதைக் கடந்த அம்மிருதங்க வித்துவான் நிமிர்ந்து ஒருமுறை அவையைப் பார்த்தார். பார்த்துவிட்டு நான்கே நிமிடத்தில் ஒரு சிறு கோர்வையை வைத்து முடித்துக்கொண்டார். கடம் வாசிக்க வந்திருந்த இளைஞருக்கு ஒரு சுற்றுக்கூடக் கிட்டவில்லை.

நம் அருகில் அமர்ந்திருந்தவர் அலுவலகத்தில் நம்மோடு பணிபுரியும் கன்னட நண்பர். இந்துஸ்தானி இசையில் ஊறியவர். “கச்சேரி முடிந்துவிட்டதா, சார்?” என்று கேட்டார். “இல்லை, மிருதங்கம் தனியாக வாசிக்கிறார்” என்றோம். “அப்படியானால் எல்லாரும் ஏன் போகிறார்கள்?” என்றார். நாம் விடை கூறவில்லை. வெளியே காப்பி ஆற்றும் ஓசை உள்ளே நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இதன் தொடர்ச்சியாக, செயற்குழுவில் இவ்வாண்டு ஒரு யோசனை எழுந்தது. சாஸ்திரிய சங்கீதத்திற்கு ஒரு மணி நேரம் போதும், எஞ்சிய நேரத்தை மெல்லிசைக் குழுவுக்குத் தரலாம், தனி ஆவர்த்தனத்தை விட்டுவிடுமாறு வித்துவானிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றனர் சிலர். தொன்றுதொட்டு வந்த முறையை மாற்றலாகாது என்றனர் வேறு சிலர். இருசாராரும் நமக்கு வேண்டியவர்களே. ஆனால் தொன்றுதொட்டு வந்ததாக நாம் எண்ணும் இக்கச்சேரி முறைக்கு வயது ஏறக்குறைய நூறு ஆண்டுதான் என்பதையும், கேட்போருடைய வசதிக்காகவே அது ஒருமுறை திருத்தப்பட்டது என்பதையும் இருசாராரும் கருதவில்லை. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

தஞ்சை மராட்டிய அரசு 1855-ஆம் ஆண்டில் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் மகவின்றி இறந்ததோடு முடிவுற்றது. அரண்மனையை நம்பியிருந்த பாடகரும் வாத்தியக்காரரும் புதுக்கோட்டை, இராமநாதபுரம், எட்டயபுரம், மைசூர், திருவிதாங்கூர் எனப் பல திசையும் சென்றனர். மகா வைத்தியநாத ஐயர் (1844–1893), பட்டணம் சுப்பிரமணிய ஐயர் (1845–1902) ஆகியோர் காலத்தில் பாட்டு நடந்த இடங்கள் சமஸ்தானங்களும், மிராசுதார் வீட்டுக் கலியாணப் பந்தல்களும், கோயில் உற்சவங்களுமே. டிக்கெட்டு இல்லை, கடிகாரமும் இல்லை. கேட்போர் திண்ணையில் சாய்ந்து கேட்கலாம், வெற்றிலை போடலாம், சிறிது உறங்கி எழுந்தும் கேட்கலாம். பாடுவோரும் ஒரு ராகத்தை எடுத்தால் நினைத்த மட்டும் விரித்து, தானம் பாடி, பல்லவியைப் பல காலங்களில் நிறுத்திக் காட்டி, நான்கைந்து மணி நேரம் அவையை ஆண்டனர். கீர்த்தனைகளின் எண்ணிக்கை சொற்பம். வித்துவானின் திறமையை அளக்கும் படி பல்லவியே.

பட்டணத்தில் நிலைமை மாறிற்று. திருவல்லிக்கேணியில் 1900-இல் பார்த்தசாரதி சுவாமி சபை தோன்றியது. பின்னர் வேறு சபைகளும் எழுந்தன. சபைக்கு வந்தவர்கள் மிராசுதார்கள் அல்லர். வக்கீல்கள், பள்ளி ஆசிரியர்கள், நம் போன்ற குமாஸ்தாக்கள். சந்தா செலுத்தி நாற்காலியில் அமர்ந்து கேட்டு, இரவு வீடு திரும்பி, மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டியவர்கள். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதும் சங்கீத விஷயங்களுள் ஒன்றாயிற்று என்று நாம் சொன்னால், அதனை ஒரு ரயில்வேக்காரனின் தற்பெருமை என்று அன்பர்கள் தள்ளிவிட வேண்டா. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது உடன் ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928-இல் சங்கீத வித்துவத் சபை நிறுவப்பட்டது. இன்றும் மார்கழியில் உலகெங்குமிருந்து ரசிகர்கள் சென்னைக்குத் திரண்டு வருவதற்கு மூலம் அதுவே.

இம்மாறுதலை முதலில் நன்கு உணர்ந்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967). பூச்சி ஐயங்கார் என வழங்கிய இராமநாதபுரம் சீனிவாச ஐயங்காரின் சீடர் அவர். பல்லவி பாடுவதில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆயினும் மூன்று மணி நேரத்தில் எழுந்து செல்ல வேண்டிய அவைக்கு, ஒரே ராகத்தில் இரண்டு மணி நேரத்தைச் செலவிடுவது தகாது எனக் கண்டார். வர்ணத்தில் தொடங்கினார். அடுத்து விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகள் சில. ஒன்றிரண்டுக்கு அளவான ராகமும் ஸ்வரமும். பிறகு நடுநாயகமாக ஒரு பெரிய கீர்த்தனை, அதற்கு விரிவான ராகம், நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம். அவை ஒப்பினால் சுருக்கமாக ஒரு பல்லவி. இறுதியில் பதம், ஜாவளி, திருப்பாவை, அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாட்டு, விருத்தம் எனத் துக்கடாக்கள். திருப்பாவை முப்பதுக்கும் இசை அமைத்து மேடையில் பரப்பியவரும் அவரே. இன்று நாம் கேட்கும் எந்தக் கச்சேரியும், பாடுகிறவர் எவராயினும், ஐயங்கார் போட்ட தண்டவாளத்தின்மேல் ஓடும் வண்டியே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐயங்கார் குறைத்தது நீட்சியைத்தான். கச்சேரியின் உறுப்புகளில் ஒன்றையும் அவர் வெட்டவில்லை. ஆலாபனை இருந்தது, நிரவல் இருந்தது, தனி இருந்தது. எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொன்றையும் அளந்தார். சிக்கனத்திற்கும் கருமித்தனத்திற்கும் உள்ள வேற்றுமை கணக்கு எழுதுவோருக்குத் தெரியும்.

தனி ஆவர்த்தனத்திற்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பை இன்றைய இளைஞர் நம்பமாட்டார். புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்தவர் எனப் போற்றப்படுபவர். அவருடைய சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் வல்லவர். காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளையின் (1889–1934) புல் பெஞ்சுக் கச்சேரியில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என லய வித்துவான்கள் மேடையை நிறைத்தனர். அவர்களோடு கணக்கில் மோதிப் பாடுவதே நாயனாப் பிள்ளையின் மகிழ்ச்சி. அடுத்த தலைமுறையில் பாலக்காடு மணி ஐயரும் (1912–1981) பழனி சுப்பிரமணிய பிள்ளையும் (1908–1962) மிருதங்கத்திற்கு இரு கண்கள். பிள்ளையவர்கள் இடக்கைப் பழக்கமுடையவர். அதனால் அவருக்கு மேடையில் எழுந்த இடர்கள் பல. அத்தனையையும் தம் வாசிப்பின் இனிமையாலேயே வென்றார். ‘இன்று யார் மிருதங்கம்?’ என்று கேட்டுவிட்டு டிக்கெட்டு வாங்கிய காலம் அது.

பிறகு எவ்வாறு அது காப்பி வேளையாயிற்று? நமது கருத்தைச் சொல்கிறோம், அன்பர்கள் மறுக்கலாம். பெரிய கீர்த்தனைக்குப் பின்னும் துக்கடாக்களுக்கு முன்னுமாகத் தனி அமைந்துவிட்டபடியால், கனமான விருந்து முடிந்தது, பாயசம் இனிமேல்தான் வரும் என்பது போன்றதொரு இடைவேளை மனப்பான்மை உண்டாயிற்று. சாகித்தியம் இல்லை, ராகம் இல்லை. ஆகவே தமக்குக் கேட்க ஒன்றுமில்லை என்று பலர் முடிவு செய்தனர். ஒருவர் எழுந்தால் அடுத்தவருக்கும் துணிவு பிறக்கிறது. சிற்றுண்டிச்சாலைக்காரரும் அவ்வேளையை அறிந்து பஜ்ஜியைச் சூடாக எடுக்கிறார். சென்னை சபைகளில் வளர்ந்த இப்பழக்கத்தை, இட்டிலித் தட்டோடும் பஞ்சாங்கத்தோடும் சேர்த்து நாமும் வெளியூருக்குச் சுமந்து வந்துவிட்டோம்.

நாமும் ஒரு காலத்தில் எழுந்து சென்றவரே, அதனை மறைக்கவில்லை. நம்மைத் திருத்தியவர் நமது ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவர். பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் நாம் எழப்போகையில் கையைப் பிடித்து அமர்த்தி, “தம்பி, உனக்கு மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கத் தெரியுமல்லவா? உட்கார்ந்து எண்ணு” என்றார். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்திற்கு எட்டு எண்ணிக்கை; ஒவ்வொன்றுக்கும் நான்காக 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ என்னும் ஐந்தை மும்முறை வாசித்தால் 15. இடையில் இருமுறை ஒவ்வொரு மாத்திரை விட்டால் 17. ஆகவே 15 மாத்திரை கழிந்த பின்பு தொடங்கினால்தான் அது முடியும் இடமும் தாளம் திரும்பும் இடமும் ஒன்றாகும். இது குழந்தைக் கணக்கு. வித்துவான் இதனைப் பெருக்கி, சுருக்கி, மூன்றாகவும் ஐந்தாகவும் ஏழாகவும் நடை மாற்றி, எங்கோ காட்டில் நம்மைத் திசை தெரியாமல் விட்டுவிட்டது போல் அலையச் செய்து, பாட்டின் எடுப்பில் கொண்டுவந்து இறக்குவார். மாதக் கடைசியில் வரவும் செலவும் ஒரு காசு பிசகாமல் ஒத்துவரும்போது குமாஸ்தாவுக்கு உண்டாகும் களிப்பு எத்தகையது என்பது குமாஸ்தாவுக்குத்தான் தெரியும். அதுவே இது. அன்றுமுதல் நாம் தனியில் எழுந்ததில்லை.

கேட்போர் ஒழுக்கம் பற்றிப் பேசும்போது வீணை தனம்மாளை (1867–1938) நினையாதிருக்க இயலாது. சென்னை ஜார்ஜ் டவுனில் அவருடைய இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். மிருதங்கம்கூட இல்லை. பெரிய வித்துவான்களும் வந்து தரையில் அமர்ந்து மூச்சடக்கிக் கேட்டனர். அவையில் சிறு சலசலப்பு எழுந்தாலும் வாசிப்பு நின்றுவிடும். வீணையின் உண்மையான ஓசையளவு அதுதான். அதனைக் கேட்க வேண்டுமானால் கேட்பவரே அடங்க வேண்டியிருந்தது.

ஒலிபெருக்கி வந்தபின் அந்நிர்ப்பந்தம் போயிற்று. மெல்லிய குரலுடையோரும் பெரிய அரங்கில் பாட முடிந்தது. கடைசி வரிசை ஏழைக்கும் சங்கதி தெளிவாகக் கேட்டது. இந்நன்மைகளை நாம் மறுக்கவில்லை. மும்பை சண்முகானந்தா அரங்கைப் போன்று ஏறக்குறைய மூவாயிரம் பேர் அமரும் இடத்தில் மைக் இன்றிப் பாடுவது எங்ஙனம்? ஆயினும் மணி ஐயர் சில காலம் ஒலிபெருக்கி வைத்த கச்சேரிகளில் வாசிக்க மறுத்து நின்றார். அவர் பிடிவாதக்காரர் என்று சிலர் சொன்னதுண்டு. இன்றைய அரங்குகளில் வயலின்காரர், மிருதங்கக்காரர், பாடகர் மூவரும் ஒருவர்பின் ஒருவராக மைக்காரரை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்தி, ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று சைகை செய்வதைப் பார்க்குந்தோறும், ஐயர் கண்டது சரியென்றே நமக்குப் படுகிறது. முதல் அரைமணி நேரம் மைக்காரர் கச்சேரி. பிறகே மற்றவர் கச்சேரி.

அதே மணி ஐயர் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றும் நெடுங்காலம் இருந்தார். பின்னர் டி. கே. பட்டம்மாளுக்கு (1919–2009) வாசித்தார். ஆண்களுக்கே உரியதெனக் கருதிய ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடிக் காட்டிய அம்மையார் அவர். 1968-இல் எம். எஸ். சுப்புலட்சுமி சங்கீத கலாநிதி பட்டம் பெற்றபோது அப்பட்டத்தைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. சங்கீத உலகில் ‘மாற்றலாகாத முறை’ என்று சொல்லப்பட்டவற்றுள் இதுவும் ஒன்றாக இருந்தது என்பதை மரபுக் கட்சியினர் சற்று நினைவு கூர்க.

அடுத்து, நமது பெரிய மனத்தாங்கல்: தமிழ்ப் பாட்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அண்ணாமலை அரசரின் ஆதரவில் 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. சங்கீதத்திற்கு மொழி ஏது என்று சென்னை வித்துவத் சபையைச் சார்ந்தோர் எதிர்வாதம் செய்தனர். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் இசை விமரிசனம் எழுதிப் புகழ்பெற்ற கல்கி (1899–1954) தமிழிசைக்காகப் பேனாவைச் சுழற்றினார். தியாகராசர் கீர்த்தனையைக் கேட்டுக் கண்ணீர் விடுபவருள் நாமும் ஒருவர். தெலுங்கு வேண்டாம் என்று சொல்லும் அறிவீனம் நம்மிடம் இல்லை. ஆனால் முத்துத் தாண்டவரும், மாரிமுத்தாப் பிள்ளையும், கோபாலகிருஷ்ண பாரதியாரும் இரவு ஒன்பது மணிக்கு, பாதி அவை செருப்பைத் தேடும் நேரத்தில்தான் வர வேண்டுமா என்பதே கேள்வி.

இதில் குற்றம் முழுவதும் பாடுவோருடையது அன்று. பாபநாசம் சிவன் (1890–1973) கீர்த்தனையையோ, பாரதியார் கீர்த்தனையையோ நடுநாயகமாக எடுத்து விரித்துப் பாடும் வித்துவான்கள் இன்று உளர். நமது சங்கத்திலேயே மூன்றாண்டுகளுக்கு முன் ஒருவர் சிவனின் பாட்டொன்றை ஐம்பது நிமிடம் பாடினார். அதற்கு எத்தனை பேர் இருந்தோம்? தமிழ் தமிழ் என்று மேடையில் முழங்கும் நம்மவர், துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவது என்னவோ சினிமாப் பாட்டின் முதலடியைத்தான். அச்சீட்டை வாங்கி மேடைக்குக் கொண்டுசெல்லும் பணி ஆண்டுதோறும் நமக்கே வாய்ப்பதால் இதனைத் தைரியமாகச் சொல்கிறோம்.

வெளியூர்த் தமிழருக்கும் இச்சங்கீதத்திற்கும் உள்ள உறவு வானொலியால் வளர்ந்தது. 1952 ஜூலையில் அகில இந்திய வானொலி தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது; சனிக்கிழமை இரவில் ஒன்றரை மணி நேரம். டில்லியிலும் கல்கத்தாவிலும் நாகபுரியிலும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் ரேடியோ வைத்திருக்கும் வீட்டில் கூடிக் கேட்டன. அவ்வாண்டிலேயே மும்பையில் சண்முகானந்த சபை தோன்றியது. 1963-இல் அது எழுப்பிய பெரிய அரங்கு 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சங்கீத வித்துவான்கள் நடுங்கிய விமரிசகர் சுப்புடு (1917–2007) யார்? போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே வந்து, டில்லியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். பகலில் கோப்பு, இரவில் கச்சேரி, நள்ளிரவில் விமரிசனம். அவர் எழுத்தின் கடுமை எல்லாவற்றையும் நாம் ஏற்பதில்லை. ஆனால் நம் இனத்தார் என்ற பெருமை உண்டு.

இனி நாம் வாழும் ஊருக்கு வருவோம். ஹூப்ளி, இன்றைய ஹுப்பள்ளி, நமக்கு ரயில் ஊர். இவ்வூராருக்கோ சங்கீத ஊர். கிரானா வழியின் பேராசான் அப்துல் கரீம் கான், மிரஜ் நகரிலிருந்து மைசூர் அரண்மனைக்குப் போகும் வழியில் இப்பகுதியில் தங்கிப் பாடியவர். நமது கர்நாடக சங்கீதத்திலும் அவருக்குப் பற்று மிகுதி. தியாகராசரின் கரகரப்பிரியாக் கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டில் பாடிவைத்தார். 1937-இல் சென்னைக்கு வந்தவர், புதுச்சேரிக்கு ரயிலில் செல்லும்போது வழியில் உடல் நலங்குன்றிச் சிங்கப்பெருமாள்கோவில் நிலையத்தில் இறங்கினார். அக்டோபர் 27-ஆம் நாள் அந்நிலையத்தின் நடைமேடையிலேயே உயிர்நீத்தார். செங்கற்பட்டு மார்க்கத்தில் நாம் செல்லும்போதெல்லாம், அந்தச் சிறு நிலையத்தில் வண்டி நிற்காமற் போனாலும், எழுந்து சன்னலோரம் நிற்பது வழக்கம்.

அவருடைய சீடர் சவாயி கந்தர்வர் (1886–1952) வாழ்ந்த குந்தகோள், இவ்வூரிலிருந்து ரயிலில் சிறு தொலைவு. அவரிடம் பாடம் கேட்க கங்கூபாய் ஹானகல் (1913–2009) ஹூப்ளியிலிருந்து ரயிலில் போய் மாலையில் ரயிலிலேயே திரும்புவார். கங்கூபாயின் தாயார் அம்பாபாய் கர்நாடக சங்கீதம் பாடியவர். மகளின் இந்துஸ்தானிப் பயிற்சிக்கு ஊறு நேரலாகாதென்று தம் பாட்டையே நிறுத்திக்கொண்டவர். பீம்சேன் ஜோஷி (1922–2011) பதினோரு வயதில் குருவைத் தேடி வீட்டைவிட்டு ஓடி ரயிலேறினார், டிக்கெட்டு இல்லை. ரயில்வே ஊழியர் என்ற முறையில் நாம் அதனைப் பாராட்ட முடியாது. ரசிகர் என்ற முறையில், அன்றைய டிக்கெட் பரிசோதகருக்கு நன்றி சொல்கிறோம்.

சவாயி கந்தர்வர் நினைவாகக் குந்தகோளில் நடைபெறும் இசைவிழா இரவெல்லாம் நீளும். அக்கன்னட நண்பருடன் ஒருமுறை அங்கே சென்றோம். பழைய வாடாவின் கூடத்தில் சமுக்காளத்தின்மேல் விவசாயிகளும், ஆசிரியர்களும், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களும் அமர்ந்திருந்தனர். ஒரு ராகம் ஒரு மணி நேரம் மெல்ல மெல்ல விரிந்தது. நள்ளிரவில் தேநீர் வந்தது. குடித்தவர் அமர்ந்த இடத்திலேயே குடித்தனர். விடியற்காலையில் எழுந்து முதல் வண்டிக்குப் போனோம். இந்த மனிதர்தாம் நம்முடைய விழாவில் அமர்ந்து, ‘எல்லாரும் ஏன் போகிறார்கள்?’ என்று நம்மைக் கேட்டவர்.

இவ்வூர் நிலையத்தில் 2023-இல் திறக்கப்பட்ட நடைமேடை 1,507 மீட்டர் நீளம்; உலகிலேயே நீளமானது எனப் பெயர் பெற்றது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சாதாரணமாக நடந்தால் ஏறக்குறைய இருபது நிமிடம் பிடிக்கிறது. நாம் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். ஒரு நல்ல தனி ஆவர்த்தனத்துக்கும் அவ்வளவே வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்நடைமேடையை முணுமுணுப்பின்றிக் கடக்கும் நம்மவர், நாற்காலியில் அமர்ந்தபடி அவ்விருபது நிமிடத்தைக் கடக்க முடியாதென்பதை நாம் ஒப்பவில்லை.

இவற்றையெல்லாம் செயற்குழுவில் இவ்வளவு கோவையாகச் சொல்ல நமக்கு வாய்க்கவில்லை. கோபத்தில் பாதி மறந்துபோயிற்று. எனினும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மெல்லிசைக் குழு மறுநாள் ஞாயிறு மாலையில் பாடும். அவர்களும் நம் பிள்ளைகளே. சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் கர்நாடக சங்கீதக் கச்சேரி தொடங்கி, இரண்டரை மணி நேரம் நடக்கும். நடுநாயகப் பாட்டு தமிழில் இருக்க வேண்டுமென்று வித்துவானை வேண்டியிருக்கிறோம். காப்பியும் கேசரியும் ஐந்து மணிக்கே பரிமாறப்படும். பாட்டு நடக்கும்போது சிற்றுண்டிச்சாலையின் கதவு அடைத்திருக்கும். கைப்பேசிகளை என்ன செய்வது என்பதில்தான் முடிவு ஏற்படவில்லை.

சென்ற ஆண்டு வந்த அதே மிருதங்க வித்துவானுக்குச் சங்கத்தின் சார்பில் நாம் ஒரு கடிதம் எழுதினோம். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, இவ்வாண்டும் வரவேண்டும் என்று கேட்டிருந்தோம். இரண்டு வாரம் கழித்து அஞ்சலட்டையில் பதில் வந்தது. வருத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. வருவதாக ஒப்புக்கொண்டு, “அந்தக் கடம் வாசித்த பையனும் உண்டா?” என்று மட்டும் கேட்டிருந்தார். உண்டு என்று எழுதிவிட்டோம்.